பதினாறு மடங்கு

எங்கள் பேஸ்மென்ற் அலுமாரியின் மேல்தட்டில் நீளமான கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் துவக்கின் மேல் பூட்டுகிற ஸ்கோப். நாலு மடங்கிலிருந்து பதினாறு மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும். நல்ல சாமான், குறை சொல்ல முடியாது. இருந்தும் அதை நான் விற்கவில்லை. விற்றால் இன்னொருவன் அதைப் பூட்டிக்கொண்டு காட்டுக்குப் போவான் என்ற பயம்தான். ஒரு நவம்பர் காலை அதற்குள்ளால் நான் அத்தானைப் பார்த்தேன், என் அக்காவின் கணவரை. மான் என்று நினைத்துப் பார்த்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் வேட்டைக்குப் போகத் தொடங்கியது சொந்தக்காரருக்கெல்லாம் பகிடி. "ஊரில துவக்கைக் கண்டு ஓடின மனுசன், இஞ்ச காசு குடுத்து வாங்குது" என்று அக்கா தாங்கள் இருக்கிற பிக்கரிங் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். அத்தான் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. வகுப்புக்குப் போனார், சோதனை எழுதினார், லைசென்ஸ் எடுத்தார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தன் துவக்குக்கு அவர் ஒன்றும் பூட்டவில்லை. குறி பார்க்கப் பின்னால் ஒரு சின்ன வளையம், முன்னால் ஒரு குச்சி, அதோடு சரி.

எனக்கு அது காணாது, பெரிசாக வேண்டும். எங்கள் ஆக்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. வீடென்றால் அறை கூட வேண்டும், ரீவி என்றால் சுவரை மறைக்க வேண்டும். ஸ்கோப் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் பொறுமையான வயதான வெள்ளைக்காரர். எவ்வளவு தூரத்தில் சுடுவாய் என்று கேட்டார். அடர்ந்த காட்டுக்குள் ஐம்பது யார் தூரம் வரும், சனிக்கிழமைகளில் சுட்டுப் பழகும் ரேஞ்சில் நூறு யாரில் கடதாசி இலக்கைச் சுடுவேன் என்றேன். அவர் கையளவு கட்டைக் குழாய் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்றையும் பெரிதாக்காது, உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் தெரியும். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. இவன் என்னை ஏழை என்று நினைத்துவிட்டானோ? பக்கத்திலிருந்த பெரியதைக் காட்டி அதுதான் வேண்டும் என்றேன். அத்தான் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "உது மானைப் பாக்கவோ மச்சான், சந்திரனைப் பாக்கவோ?" என்றார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், ரேஞ்சில் அது அற்புதமாக இருந்தது. நூறு யாருக்கு அப்பால் கடதாசியில் விழுந்த ஓட்டைகளை இருந்த இடத்திலிருந்தே எண்ணினேன். எல்லோரும் சுடுவதை நிறுத்தும்வரை அத்தான் காத்திருந்து, தன் கடதாசியைப் பார்க்க நடந்து போவார். நான் கதிரையில் இருந்தபடியே அவருடைய புள்ளியையும் சேர்த்துச் சொல்லுவேன். என் பெருமை கொஞ்ச நஞ்சமல்ல.

அந்தக் காலை, ரொறன்ரோவிலிருந்து மூன்று மணி நேரம் வடக்கே, ஒரு சேற்று நிலத்தின் ஓரம். பத்து மணிவரை இருவரும் இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லை என்று பேச்சு. அத்தானுக்குக் குளிர் தாங்கவில்லை. வேட்டைக்காரர் ஒருவரையொருவர் அடையாளம் காணப் போடும் செம்மஞ்சள் அங்கிக்கு மேல் தன் பழைய மண்ணிற ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, கால் விறைத்துப்போய், சொல்லாமல் கொள்ளாமல் என் பக்கம் நடந்து வந்திருக்கிறார். அது அவர் விட்ட பிழை. என் பிழைகளை எண்ண விரல் போதாது. நாற்பது யாரில் மண்ணிறமாக ஏதோ அசைந்தது. என்னவென்று பார்க்கத் துவக்கைத் தூக்கினேன். பார்ப்பதற்குப் பைனாகுலர், துவக்கு சுடுவதற்கு மட்டும் என்று வகுப்பில் மேசையில் தட்டித் தட்டிச் சொல்லித் தந்திருந்தார்கள். பைனாகுலர் என் கழுத்தில்தான் தொங்கியது. பெருவிரல் தன்பாட்டில், தவறி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டியைத் தள்ளிவிட்டது. ஸ்கோப் சனிக்கிழமை ரேஞ்சில் விட்டபடி பதினாறு மடங்கில் நின்றது.

கண்ணாடிக்குள் ஒரே மண்ணிறம். தலை எது, தோள் எது, ஒன்றும் விளங்கவில்லை. ஒரு சுள்ளி மரக்குற்றி மாதிரிக் கலங்கித் தெரிந்தது. பிறகு அந்த மண்ணிறத்தின் இரண்டு பக்கத்திலும் இரண்டு கிளைகள் மெதுவாக மேலெழும்பின. கொம்பு. என் விரல் விசைக்குப் போய்விட்டது.

நான் சுடாததற்கு என் நல்ல குணம் காரணமில்லை. தோள் எங்கே என்று பிடிபடாத எரிச்சலில் கண்ணை எடுத்து ஸ்கோப்புக்கு மேலால் பார்த்தேன். அத்தான் நின்றார். இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு, சத்தமில்லாமல்.

இங்கே வளர்ந்த ஒருவன் என்றால் காடு அதிரக் கத்தியிருப்பான். அத்தான் ஊரில் ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கும் சென்றிகளைக் கடந்து வளர்ந்தவர். துவக்கு நீட்டினால் கத்தக்கூடாது, ஓடக்கூடாது, கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அங்கே அவரைக் காப்பாற்றிய பழக்கம் இங்கே அவரை மானாக்கிவிட்டது. நான் துவக்கை நிலத்தில் வைத்த பிறகும் அவர் கையை இறக்கவில்லை. "அத்தான், நான்தான்" என்றேன். அதன் பிறகுதான் இறக்கினார். பக்கத்தில் வந்து கேட்ட முதல் கேள்வி, "சேஃப்டி போட்டிருந்ததோ?"

"ஓம்" என்றேன்.

காரில் வரும்போது, "அக்காட்டைச் சொல்லாதை" என்றார்.

அந்தக் கிழமையே கடைக்குப் போய், முன்பு வேண்டாமென்ற சிவப்புப் புள்ளியை வாங்கிப் பூட்டினேன். இரண்டு கண்ணும் திறந்திருக்கும், சுற்றிவர நடப்பதெல்லாம் தெரியும். ரேஞ்சில் இப்போது ஓட்டைகள் தெரிவதில்லை, நானும் நடந்துபோய்த்தான் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பொய் "ஓம்" மனதைவிட்டுப் போகவில்லை. ஐந்து வருடம் ஒவ்வொரு நவம்பரும் ஒற்றையடிப் பாதையில் அத்தான் முன்னால் நடந்தார், நான் பின்னால். அவருடைய முதுகைப் பார்க்கும்போதெல்லாம் என் சேஃப்டியை விரலால் தடவிப் பார்ப்பேன். என்னை நம்பித்தானே நடக்கிறார்.

இந்த இலையுதிர் காலத்தில் ரேஞ்சில் என் துவக்கை வாங்கிச் சுட்டுப் பார்த்தார். "உது நல்லாத்தான் இருக்கு, ஆளைத் தெரியுது" என்றார். எனக்குத் தாங்கவில்லை. "அத்தான், அண்டைக்குச் சேஃப்டி போட்டிருக்கேல்ல. விரல் விசையில இருந்தது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். துவக்கில் மிச்சமிருந்த ரவைகளைக் கழற்றி மேசையில் வைத்தார். பிக்கரிங்கில் அவரை இறக்கிவிட்டேன். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ என்று ஒரு நாளும் சொல்லாமல் விடாத மனிதர், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். மூன்று கிழமை போன் இல்லை. அக்கா எடுத்து, "ரெண்டு பேருக்கும் என்னடா கொழுவல்?" என்று கேட்டாள். நான் மல்வேர்னில் என் வீட்டுக் குசினியில் நின்று, ஒன்றுமில்லை என்று இன்னொரு பொய் சொன்னேன். மனுசன் இனி என் முகத்தில் முழிக்க மாட்டார் என்றே நினைத்தேன்.

வேட்டைக் காலம் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு அவரே போன் எடுத்தார்.

"திங்கள் வாறியோ?"

"வாறன், அத்தான்."

"வா. இந்த முறை நீ முன்னுக்கு நட."

நடந்தேன். பாதை அரை மைல் வரும், இலை உதிர்ந்து தரை ஈரமாக இருந்தது. பின்னால் அவருடைய சப்பாத்துச் சத்தம் சீராக வந்தது. நடுவில் ஓரிடத்தில் அது நின்றது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. சேஃப்டி போட்டிருக்கிறீர்களா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் ஓம் என்பார். அந்த ஓமை நான் நம்ப வேண்டும்.