முன்னால் வரும் சிரிப்பு

டிவியைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகு மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பல்லி முட்டைகளைத் தேநீர்க் கரண்டியால் எடுத்துக்கொண்டிருந்தார் கெலெபி. உடையாமல் எடுத்து, ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டு, வேலியோரம் வெயில் விழும் இடமாகப் பார்த்து வைத்தார். "அதுக்கும் சூடான இடம் வேணும்ல. கோவிச்சுக்க முடியுமா?" என்றார். பிறகு பழைய பனியன் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, உள்ளே பச்சை பூத்திருந்த இடங்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார். சனிக்கிழமைக் காலை என்றால் இதுதான் அவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள், எங்கள் தீவில் ஒரு திருகாணியைக்கூடத் தொட முடியாது. வாரம் முழுக்கக் கடல்காற்று கொண்டுவந்து சேர்த்த உப்பை அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

நெயாஃபு துறைமுகக் கிடங்கில் அவருக்கு உத்தியோகம். ஆக்லாந்திலிருந்தும் சிட்னியிலிருந்தும் எங்கள் உறவுக்காரர்கள் அனுப்பும் பீப்பாய்களும் அட்டைப்பெட்டிகளும் அவர் கையைத் தாண்டித்தான் எங்கள் வாவாவு தீவுக்குள் நுழையும். கனத்த உடம்பு, மெல்லிய குரல். கழுத்தில் கயிறு கட்டிய ஒரு சின்ன டார்ச் எப்போதும் தொங்கும். சர்ச்சுக்கு வரும்போது மட்டும் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார். எங்கள் வழக்கப்படி இடுப்பில் பாயைச் சுற்றிக்கொண்டு மற்றவர்கள் பிரசங்கம் கேட்க, இவர் கூரையில் மாட்டிய ஒலிபெருக்கியைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊரில் யார் எந்தச் சாமான் கேட்டு வெளிநாட்டுக்குச் சொல்லி அனுப்புவதானாலும், முதலில் கெலெபியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

பின்வீட்டுத் தெலேசியாவின் மகன் சிட்னியில் கட்டட வேலை செய்கிறான். சுவரை அடைக்கும் அளவில் ஒரு டிவி அனுப்புகிறேன் என்றான். தெலேசியா பெருமை தாங்காமல் அதைச் சொல்லத்தான் வந்தாள், கேட்க வரவில்லை.

"பெருசு எதுக்குக்கா?" என்றார் கெலெபி. "வீட்டுல பொண்ணு ரெண்டு, பையன் ரெண்டு. பெருசா ஒண்ணு வந்தா பையனுங்க முன்னாடி உக்காந்துக்குவானுங்க, பொண்ணுங்க அடுப்படிக்குப் போயிரும். சின்னதா ரெண்டு கேளு."

வளர்ந்த அண்ணன் தங்கைகள் ஒரே அறையில் உட்கார்ந்து படம் பார்ப்பது எங்களுக்கு வழக்கமில்லை. தெலேசியாவுக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் மகனிடம் சொல்லி இரண்டாகவே வாங்கினாள். அவளுடைய மகள்கள் இன்றைக்கும் கெலெபியை வழியில் கண்டால் ராஜாவைக் கண்டதுபோல் ஒதுங்கி நின்று சிரிக்கிறார்கள்.

அவருடைய மற்ற அபிப்பிராயங்களும் இப்படித்தான், எங்கள் வீடுகளுக்குள்ளிருந்தே பிறந்தவை. விசிறி வைத்த கம்ப்யூட்டர் வாங்காதே, அது காற்றை இழுக்கவில்லை, உப்பைக் குடிக்கிறது. சாமான் ஒல்லியாகிறது என்று சந்தோஷப்படாதே, ஒல்லியான டிவிக்கு வாய் முதுகில் இருக்கிறது. "புது டிவி எல்லாம் செவுத்தோட பேசுது. நம்மகிட்ட பேசல" என்பார். படங்களையும் பாட்டுகளையும் எங்கோ மேகத்தில் போட்டுவைத்திருப்பதாக யாராவது சொன்னால் வானத்தை அண்ணாந்து பார்ப்பார். "நம்ம ஊர்ல மேகம் எத்தனை நாள் ஒரே எடத்துல நிக்குது?" அவருடைய சேமிப்பெல்லாம் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் இருக்கிறது. அடியில் அரிசி பரப்பி, அதன்மேல் துணி விரித்து, வரிசையாகச் சின்னச் சின்ன ஹார்ட் டிஸ்குகள். ஊரில் நடந்த கல்யாணம், சாவு, ரக்பி ஆட்டம், சர்ச் மாநாடு, முப்பது வருஷத்துப் படங்கள் எல்லாம் அந்த அரிசி மேல் தூங்குகின்றன.

ஒரே ஒரு முறைதான் அவர் தோற்றார். மச்சான் ஒருவன், பேசினால் பதில் பேசும் ஒலிபெருக்கி ஒன்றை அனுப்பிவைத்தான். வீட்டில் எல்லோரும் மாற்றி மாற்றி எங்கள் மொழியில் அதனிடம் பேசிப்பார்த்தார்கள். அது ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் கெலெபியின் மாமனார் இசிலேலி, "இவ்வளவு மரியாதையான பய, காதுதான் கேக்கல பாவம்" என்றார். காது கேளாமையைப் பற்றி அவர் சொன்னதுதான் வேடிக்கை. ரக்பி போட்டால் துறைமுகம் வரைக்கும் சத்தம் கேட்கும்படி வைப்பவர் அவர்.

இசிலேலிக்கு இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. அவருடைய ஒரே மகள், கெலெபியின் மனைவி லூபே, ஆக்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனவள். இப்போது ஆறு வருஷமாகிறது. அங்கே அவள் ஊர் பேர் தெரியாத கிழவர்களைக் குளிப்பாட்டித் தலை வாரிவிடுகிறாள். இங்கே அவள் அப்பாவை கெலெபி குளிப்பாட்டித் தலை வாரிவிடுகிறார். வருஷம் ஒருமுறை வருவாள், சில வருஷம் அதுவும் இல்லை. வீட்டில் சேர்ந்துபோன இத்தனை சாமான்களும் அவள் போன பிறகு வந்தவைதான். அவள் இருந்த காலத்தில் அந்த வீட்டில் ஒரு ரேடியோவும் ஒரு பழைய டிவியும்தான் இருந்தன.

சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் ஒரே தொடர் பார்ப்பார்கள். அவள் அங்கே, இவர் இங்கே. ஒரு பக்கம் டிவியில் கதை ஓடும், பக்கத்தில் கம்ப்யூட்டரில் லூபேயின் முகம் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சேர்ந்து பொத்தானை அழுத்துவார்கள். ஆனாலும் எங்கள் தீவு இணையத்தின் வேகத்துக்கு இங்கே ஓடும் படம் அங்கங்கே நின்று நின்று பின்தங்கிவிடும். லூபேயின் சிரிப்பு முதலில் வரும், சிரிக்க வேண்டிய காட்சி பிறகுதான் வரும். "அவ சிரிச்சுட்டா, அப்ப ஏதோ நல்லது வருதுன்னு தெரிஞ்சுக்குவேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அதைச் சரிசெய்ய அவருக்குத் தெரியாமல் இல்லை. படத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொண்டால் தீர்ந்தது. அவர் செய்யவில்லை.

போன மழைக்காலத்தில் கடலடிக் கம்பி அறுந்தது. நங்கூரம் மாட்டிவிட்டது என்றார்கள், கடலுக்கடியில் பூமி நகர்ந்தது என்றார்கள். இணையம் போயிற்று, வெளிநாட்டுப் பேச்சும் போயிற்று. அவசரத்துக்கு மட்டும் அரசாங்க அலுவலகத்தில் ஒரு செயற்கைக்கோள் போன் இருந்தது. சாவுச் செய்தி உள்ளவர்களுக்கே அங்கே இடம் கிடைப்பது கஷ்டம்.

முதல் சில நாள் கெலெபியின் நடை உடையே மாறிவிட்டது. மேகத்தை நம்பியவர்கள் அத்தனை பேரும் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். அவர் பிஸ்கட் டின்னைத் திறந்து, யாருக்கு என்ன வேண்டுமோ பிரதி எடுத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து, "நான் சொன்னேன்ல" என்று இரண்டு கோப்பை டீ குடித்துவிட்டுப் போனார். அவர் முற்றத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டித் தெருவே உட்கார்ந்து படம் பார்த்தது. ஆண்கள் ஒரு நாள், பெண்கள் மறுநாள் என்று முறை வைத்தது அவர்தான்.

ஆனால் கம்பி சரியாகவில்லை. பழுதுபார்க்கும் கப்பல் வேறெங்கோ இருந்தது. சனிக்கிழமைகள் வந்து போயின. கெலெபி வெள்ளை வேட்டியை மடித்து வைத்துவிட்டார். ஒருநாள் சீனாக்காரர் கடையில் ஒரு பெண், இந்த ரேடியோ நல்லதா அந்த ரேடியோ நல்லதா என்று அவரைக் கேட்டாள். "எதையாவது வாங்கிக்கம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார். அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கெலெபிக்கு உடம்பு சரியில்லையா என்று என்னை நான்கு பேர் கேட்டார்கள்.

நான் போய்ப் பார்த்தபோது காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மேஜை முழுக்க ஹார்ட் டிஸ்குகள் பரவிக் கிடந்தன, மடியிலெல்லாம் அரிசி. என்ன தேடுகிறீர்கள் என்றேன். ஹெட்போனைக் கழற்றினார். பிறகு, இந்த டின்னில் ஊரே இருக்கிறது, லூபேயின் குரல் இல்லை என்றார். கல்யாணங்களில் காமிராவைப் பிடித்தவள் அவள், அதனால் அவள் எதிலும் இல்லை. ஆறு வருஷம் பேசிய பேச்சில் ஒன்றைக்கூட இவர் பதிவு செய்யவில்லை.

"எல்லாத்தையும் எடுத்து வெக்கிற ஆளு, இத ஏன் விட்டீங்க?" என்றேன்.

"பேசுறத எதுக்கு எடுத்து வெக்கணும்? நாளைக்கும் பேசப்போறாதானே." சொல்லிவிட்டு அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

கடைசியில் ஒன்று அகப்பட்டிருந்தது. லூபே போவதற்கு முந்தின வருஷம் நடந்த மாநாட்டில் எங்கள் சர்ச் பாடகர் குழு பாடிய கீர்த்தனை. ஆணும் பெண்ணுமாக அறுபது பேர். அதில் லூபேயும் உண்டு, கட்டைக்குரலில் நானும் உண்டு. குரல்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் ஏதோ ஒரு மென்பொருளை வைத்து அவர் நாள்கணக்காக முயன்றிருக்கிறார். போட்டுக் காட்டினார். குழாய்க்குள் தண்ணீர் ஓடுவதுபோல் இருந்தது, மனிதக் குரலாகவே இல்லை.

எனக்கு அப்போது எங்கள் பாடகர் குழுத் தலைவர் மோசேசேயின் முகம் நினைவுக்கு வந்தது. அவர் கை கீழே இறங்குவதற்கு முன்பே லூபே பாட்டை எடுத்துவிடுவாள். எத்தனையோ ஒத்திகை, எத்தனையோ திட்டு. அவளுக்கு அது வரவே இல்லை. மாநாட்டு அன்றும் மூன்றாம் சரணத்தில் எல்லோரும் மூச்சுப் பிடித்து நிற்கும் இடத்தில் அவள் அரைத் தாளம் முன்னால் புகுந்துவிட்டாள். மோசேசே பார்த்த பார்வையில் நாங்கள் பின்வரிசையில் சிரிப்பை அடக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"மூணாவது சரணம் போடுங்க. மென்பொருள் வேண்டாம், அப்படியே போடுங்க" என்றேன்.

போட்டார். அறுபது பேரும் நிறுத்தினார்கள். அந்த அமைதிக்குள் ஒற்றைப் பெண்குரல் ஒன்று வந்தது. ஒரு சொல்லின் முதல் பாதி. அதற்குள் மற்றவர்கள் வந்து மூடிவிட்டார்கள்.

கெலெபி பின்னால் நகர்த்தி மறுபடியும் போட்டார். மறுபடியும். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் எழுந்து வாசலுக்கு வந்து, அவர் வீட்டுப் பன்றிகள் பலாவிலையைத் தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவர் ஹெட்போனைக் கொண்டுபோய் இசிலேலியின் தலையில் மாட்டுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கிழவர் ரக்பி என்று நினைத்துக்கொண்டு, சத்தம் பத்தவில்லை என்று கையைக் காட்டினார். கெலெபி கூட்டிவைத்தார். கிழவரின் கை அப்படியே நின்றது.

"மறுபடியும் அவசரப்பட்டுட்டா பாரு" என்றார்.

கெலெபி ஹெட்போனைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். கிழவர் இரண்டு கையாலும் அதைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார், கொடுக்கவில்லை. கெலெபி வெளியே வந்து, என்னைக் கடந்து போய், தேவையே இல்லாமல் விறகு பிளந்தார்.

கம்பி சரியானது ஒரு புதன்கிழமை மத்தியானம். தெருவில் இருந்த போன்களெல்லாம் ஒரே சமயத்தில் முனகின, வாரக்கணக்கில் கடலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த செய்திகள் குவிந்தன. கிடங்குச் சாவியை யாரிடமோ கொடுத்துவிட்டு கெலெபி வீட்டுக்கு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். வந்து குவிந்த செய்திகளைப் படித்துக்காட்டச் சொல்லி இசிலேலி என்னைக் கூப்பிட்டிருந்ததால் நானும் அங்கே இருந்தேன்.

லூபே முதியோர் இல்லத்தின் ஓய்வறையில் இருந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. முகம் இளைத்திருந்தது. முதலில் அப்பாவின் மருந்தைப் பற்றிக் கேட்டாள். அப்புறம் செயற்கைக்கோள் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று சண்டை போட்டாள். கீர்த்தனையைப் பற்றி கெலெபி வாயே திறக்கவில்லை. மாமாவுக்கு ஹெட்போன்தான் சரி, ஒலிபெருக்கி வீண், கம்பியில்லாததை வாங்கிவிடாதே, பேட்டரி செத்தால் குப்பைதான் என்று வழக்கமான குரலில் சொல்லிக்கொண்டு போனார். அவளும் ம், ம் என்றாள்.

"இங்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்கய்யா" என்றாள் இடையில். "ராத்திரி ஷிஃப்ட் வேண்டாம், பகல்ல மட்டும்னு சொல்றாங்க. நீ என்ன சொல்ற?"

கெலெபி கழுத்தில் தொங்கிய டார்ச்சை எடுத்து, வெளிச்சம் வருகிறதா என்று பார்த்து, அணைத்தார்.

"சாப்ட்டியா?" என்றார்.

"எங்க? நீ லைன்ல வரவும் அப்படியே வெச்சுட்டேன். மணியடிக்கப் போறாங்க."

"சாப்பிடு முதல்ல."

அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. போனை மேஜைமேல் மல்லாக்க வைத்துவிட்டாள். கம்ப்யூட்டர் திரை முழுக்க இப்போது அந்த ஓய்வறையின் கூரைதான் தெரிந்தது. வெள்ளைப் பலகைகள், நடுவில் ஒரு குழல்விளக்கு. டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு முள்கரண்டி அதில் உரசும் சத்தம்.

கெலெபி எழுந்து அடுப்படிக்குப் போனார். மத்தியானத்துக்கு மூடிவைத்திருந்த மரவள்ளிக் கிழங்கையும், தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையையும் தட்டில் போட்டுக்கொண்டு வந்தார். நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப்போட்டு, அந்தக் குழல்விளக்குக்கு எதிரே உட்கார்ந்து, தலைகுனிந்து ஜெபித்துவிட்டு, சாப்பிட ஆரம்பித்தார்.