முள் நடுவில், தண்ணி கொதியில்

ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாக அந்த வேன் திருத்தணி மலைப்பாதையில் கொதித்து நின்றது. கயிறு கட்டி என் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்தார்கள்.

"இன்னா மெக்கானிக்கு, இந்த டிரைவர் கூலன்ட்ட வித்துட்டு வெறும் தண்ணிய ஊத்திகினு இருக்கான்! இன்னையோட இவன் சாவிய வாங்கிடப் போறேன்" என்றார் ஓனர் கஜேந்திரன்.

டிரைவர் முனிரத்தினம் பள்ளிப்பட்டுக்காரன். "எங்க நைனா மேல சத்தியங்க. கூலன்ட்ட வித்து பங்களாவா கட்டினேன்?"

எனக்கும் அவன்மேல் சந்தேகம்தான். முதல் தடவை தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்பட்டு மாற்றினேன். இரண்டாவது தடவை வாட்டர் பம்ப். சந்தேகப்பட இனி பார்ட்ஸ் இல்லாததால் ஆளைப் பிடித்தேன்.

"டெம்பரேச்சர் முள்ளு ரெட்டுக்குப் போகவே இல்லண்ணே. அதுக்குள்ள பொங்குது."

"முள்ளும் உனக்குக் கூட்டாளியா?" என்று நக்கல் செய்துவிட்டு, ஓனர் காத்திருக்க, வண்டியில் தண்ணீர் நிரப்பி அவனோடு மலை ஏறினேன்.

பாதி வழியில் ஆவி. முள் நடுவில்தான். துணியைச் சுற்றி ரேடியேட்டரின் மேல் ஹோஸை அழுத்தினேன். சூட்டில் கல் மாதிரி இருக்கவேண்டியது, வாழைப்பழம் மாதிரி அமுங்கியது. உள்ளே பிரஷரே இல்லை.

ரேடியேட்டர் மூடி இறுக்கமாக இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். நூறு டிகிரி தாண்டினாலும் தண்ணீர் கொதிக்காது. மூடி கசிந்தால், முள் ரெட்டைத் தொடும் முன்னே, நூறிலேயே பொங்கிவிடும். குக்கர் வைக்கிறவர்களுக்கு இது தெரியும். எனக்கும் தெரியும், ஞாபகம்தான் வரவில்லை.

ஆறவிட்டு மூடியைத் திறந்தேன். ரப்பர் வாஷருக்கு அடியில் மஞ்சள் கயிற்றின் நுனி நசுங்கிக் கிடந்தது. போன வாரம் சர்வீஸ் முடித்து, பூஜை போட்டு, ரேடியேட்டர் கழுத்தில் நான் கட்டிய கயிறு. அதற்குப் பிறகு மூன்று தடவை மூடியைத் திறந்தபோதும் பக்தியோடு ஒதுக்கிவிட்டுத்தான் திருகியிருந்தேன். நுனி மட்டும் உள்ளே போயிருந்தது.

"இன்னாண்ணே அது?"

கயிற்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, 'மூடி ரிப்பேர்' என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். வெறும் வாய்ச்சொல்லைக் கீழே காத்திருந்த கஜேந்திரன் நம்பமாட்டார், இவன் சாவியைப் பிடுங்கிவிடுவார். இறங்கிப் போய்க் கயிற்றை நீட்டினேன்.

"அப்போ சாமி கயிறா திருடன்?"

"கயிறு இல்லீங்க. கட்டினவன்."

கஜேந்திரன் கயிற்றை என் கையிலேயே திருப்பி வைத்தார். பிறகு முனிரத்தினத்திடம், "ஏறு, போலாம்" என்றார். அவன் போகும்போது, "அண்ணே, அடுத்த பூஜைக்கு வெறும் கற்பூரம் போதும்" என்றான்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: முள் நடுவில் இருந்தும் தண்ணீர் கொதித்தால் முதலில் மூடியைப் பாருங்கள். கடைசியாக அதை மூடியது யார் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வி எனக்கு வருவதற்கு ஒருத்தன் வேலை போகப் பார்த்தது.