சனியின் நிலாவும் நியாலாஸ் சம்பந்தமும்

பேப்பரை என் மேசைமேல் ஓங்கி அடித்தார் அந்த அம்மா. "இத எழுதினது நீங்கதானே?"

எழுதியது நான்தான். தலைப்பு போட்டது நானில்லை. நிருபர் வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் இந்த வித்தியாசத்தை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. வாசகருக்கு அது தெரியாது. அவர் கையில் சிக்குவது மலாக்கா கிளை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறவன்தான்.

நடந்தது இது. இரண்டாயிரத்து ஐந்து பொங்கலன்று, சனி கிரகத்தின் டைட்டான் என்ற நிலாவில் ஒரு விண்கலம் இறங்கியது. மறுநாள் கோலாலம்பூரிலிருந்து ஆசிரியர் போன் செய்தார்.

"படம் வந்திருச்சிய்யா, வெறும் கல்லா கெடக்கு. நம்ம ஜனங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டு சாயந்திரத்துக்குள்ள அனுப்பு."

சனிக்கிழமை. நம் ஜனங்களை வேறெங்கே பிடிப்பது? கோயிலுக்குப் போனேன். நவக்கிரகத்தைச் சுற்றி எள் விளக்கோடு நல்ல கூட்டம். "எறங்கினவங்களுக்கு ஒன்னும் ஆகலியே?" என்று ஒருவர் கேட்டார். ஆளில்லாத கலம் என்றேன். "அப்ப சரி" என்று விளக்கேற்றப் போய்விட்டார். மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான். அதை அடக்கமாக எழுதி அனுப்பினேன்.

ஞாயிறு இதழில் கொட்டை எழுத்தில் வந்தது: 'சனி பகவான் வாசலை மிதித்தான் மனிதன்! பக்தர்கள் கலக்கம்!' கலங்கிய ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

இப்போது பேப்பரோடு வந்து நின்றவர் ரெம்பியா ஊர் சரோஜா அக்கா. மகள் தேவி, புக்கிட் ரம்பாயில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தை கடைசியில் கல்யாணம். கார்டுகூட கொடுத்தாயிற்று. மாப்பிள்ளைக்கு ஏழரைச் சனி. நியாலாஸில் இருக்கும் அவன் அப்பா எங்கள் தலைப்பைப் படித்துவிட்டு, சனி கோபத்தில் இருக்கும்போது தாலி வேண்டாம், அடுத்த வருஷம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டாராம்.

"அடுத்த வருசம்னா என்னா அர்த்தம் சார்? வேற எடம் பாக்கறாங்கன்னு அர்த்தம். எம்மக மொகத்துல நா எப்படி முழிப்பேன்?"

அழுதார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆசிரியர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. போன் போட்டுக் கத்தினேன். மனுஷன் பதறவே இல்லை.

"நம்ம ராசிபலன் ஜோசியரு எதுக்கு இருக்காரு? நாளைக்கே போட்ருவோம்லா."

போட்டுவிட்டார்கள். மனிதன் தேடி வந்ததில் சனி பகவான் மனம் குளிர்ந்திருக்கிறார், இந்தத் தையில் நடக்கும் திருமணங்கள் ஓங்கும் என்று. பக்தர்கள் கலங்கிய லட்சணத்தில்தான் சனி பகவான் குளிர்ந்ததும்.

அந்த இதழை நானே நியாலாஸுக்குக் கொண்டு போனேன். மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். "பேப்பர்லயே போட்டுட்டாங்க, அப்புறம் என்னா" என்று காப்பி கொடுக்கச் சொன்னார். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

நேராக ரெம்பியா போனேன். சரோஜா அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். தேவி வேலை முடிந்து சீருடையோடு வந்தவள், நின்றபடியே கேட்டாள்.

"அவரு என்னா சொன்னாரு அண்ணே?"

"அப்பா சரின்னுட்டாரும்மா."

"அப்பாவ கேக்கல. அவரு?"

"தலைய ஆட்டினாரு."

"நிறுத்தணும்னு சொன்னப்பவும் அதத்தான் செஞ்சாரு. எங்கிட்ட ஒரு போன் இல்ல. நாளைக்குப் பேப்பர்ல வேற போட்டா, அதுக்கும் ஆட்டுவாரு. எனக்கு வேணாம்ணே."

சரோஜா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "கார்டு குடுத்தாச்சேடி, பாவி!"

"குடுத்த வீட்டுக்கெல்லாம் நானே போய் சொல்றேன்மா."

சொல்லவும் செய்தாள், வீடு வீடாகப் போய். நியாலாஸில் குடித்த அந்தக் காப்பிக்குப் பிறகு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

தை முடிந்து ஆசிரியர் போன் செய்தார். அந்தக் கல்யாணப் படம் கிடைத்தால் பெரிதாகப் போடலாமே என்றார்.

"நடக்கல சார்."

"ஏன்யா? அதான் எழுதினோமே!"

"பொண்ணு நம்ம பேப்பர நம்பல."

அந்த வாரம் எங்கள் பத்திரிகையைச் சரியாகப் படித்தவள் அவள் ஒருத்திதான்.