கரைக்கு முதுகு காட்டிப் பார்த்த மீன்கள்

இன்று 2023 மே 14. எனக்கு எண்பத்திரண்டு வயதும் ஏழு நாட்களும். என் பழைய ஆய்வேட்டைப் படித்தவர்கள் முல்லைத்தீவுக் கடலுக்கு வழி கேட்டு எழுதுகிறார்கள். 1963 மே மாதம் நான் போன வழியைச் சொல்கிறேன். அப்போது விலங்கியல் இறுதியாண்டு மாணவி. பகலில் கூட்டமாய் ஒளிந்திருந்து இரவில் இரைதேடும், பெரிய கண்களுள்ள சிவப்பு மீனைப் பற்றி எழுதவேண்டியிருந்தது. அதைச் சந்தையில் செத்த நிலையில் மட்டுமே கண்டிருந்தேன்.

மாங்குளத்தில் காலை ஐந்தரைக்கு ரயிலை விட்டு இறங்கினேன். அங்கிருந்து முல்லைத்தீவு முப்பத்தொரு மைல். பஸ்ஸுக்கு ஒரு ரூபா ஐம்பது சதம், இரண்டரை மணித்தியாலம். வழியெல்லாம் காடு. காட்டை வருணிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

மரியாம்பிள்ளை என்ற மீனவர் பத்து ரூபாவுக்குத் தம் வள்ளத்தில் கூட்டிப்போகச் சம்மதித்தார். மாலை நாலு மணிக்கு ஏறினேன்.

"பிள்ளை, கடலைப் பாத்து இருங்கோ. கரையைப் பாக்கப்படாது."

"ஏன் அண்ணை?"

"சத்தி வரும்." வாந்தியைத்தான் சொன்னார்.

வள்ளத்தைத் தள்ளிவிட வந்த அவர் மனைவி றோசம்மா சிரித்தார். "சத்தியும் இல்லை, ஒண்டும் இல்லைத் தங்கச்சி. கட்டின மனுசிக்கே தன்ர பாரைக் காட்டாத ஆள்!"

பார் என்பது கடலடிப் பாறைத்திட்டு. கரையிலுள்ள மாதா கோயில் கோபுரமும் ஏதோவொரு பனையும் நேர்கோட்டில் வருவதை வைத்து அதைக் கண்டுபிடிப்பார்கள். அந்தக் கோடு தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் சொத்து. ஆகவே அந்நியர் கரைக்கு முதுகு காட்டித்தான் இருக்கவேண்டும்.

அடியில் கண்ணாடி பொருத்திய பெட்டியை நீரில் அமிழ்த்திப் பார்த்தேன். மூன்று பாக ஆழத்தில், அதாவது பதினெட்டு அடியில், பாறை விளிம்பின் நிழலில், இருநூறு மீன்களாவது அசையாமல் நின்றன. ஆறு இருபத்தைந்துக்குச் சூரியன் மறைந்தது. பத்து நிமிடத்தில் முதல் மீன் வெளியே வந்தது. பிறகு நாலைந்தாகப் பிரிந்து திறந்த நீருக்குப் போயின. ஏழு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் பொந்து வெறுமை. தூண்டிலில் வந்த ஒன்று கையில் உறுமியது.

"விடிய முதல் எல்லாம் திரும்பி உதே பொந்துக்கை வந்திடும்" என்றார் மரியாம்பிள்ளை. "பகலிலை ஒரு வெடி போட்டாக் காணும். குஞ்சும் மிஞ்சாது."

அவர் நங்கூரம் இழுத்தபோது நான் கரைப்பக்கம் திரும்பி, மேற்கு வானின் மிச்ச வெளிச்சத்தில் தெரிந்த கோபுரத்துக்குத் திசைகாட்டியை வைத்து இடத்தைக் குறித்துக்கொண்டேன். வெட்கப்படவில்லை. இடம் இல்லாத ஆய்வு வெறும் கதை.

மறுநாள் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரின் வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. வெடி போட்டு மீன் பிடிப்பவர்களின் கை அப்படித்தான் இருக்கும்.

"மரியாம்பிள்ளை எந்தப் பக்கம் கொண்டுபோனவன்?"

"கடல் பக்கம்."

அவர் சிரித்தார். "பறவாயில்லைப் பிள்ளை. புத்தகத்திலை போடுவீங்கள்தானே? என்ர மருமோன் கொழும்பிலை படிக்கிறான். எடுத்துத் தருவான்."

போக விரும்புவோர் மே முதல் ஆகஸ்ட் வரை போகலாம். பிறகு கடல் விடாது. ஏறுமுன் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். சத்தி உண்மையிலேயே வரும். கடலைப் பார்த்து இருக்கச் சொன்னால் இருங்கள்.

ஆய்வேட்டில் இடத்தை அவ்வளவு துல்லியமாகக் கொடுத்ததற்காகப் பேராசிரியர் என்னைத் தனியே பாராட்டினார். அறுபது ஆண்டுகளாக எவருக்கும் சொல்லாததைச் சொல்கிறேன்: அந்த இடம் பொய். அங்கே மணல் மட்டுமே உண்டு. பின்னர் ஆய்வாளர் மூவர் அங்கு மூழ்கித் தேடி, இந்த மீன் இக்கடலில் அழிந்துவிட்டது என்று எழுதினார்கள். அழிந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் தேடிய இடத்தில் அது ஒருநாளும் இருந்ததில்லை.