ஆற்றிலிருந்து திரும்பி வந்த மஞ்சள் கவுன்

பிள்ளையின் காய்ச்சலை இறக்கியது டாக்டர் கொடுத்த மருந்தா, நான் தாமிரபரணியில் விட்ட கவுனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கல்லூரியில் படிக்கும்போதே என் கணவருக்கு ஆறுதான் எல்லாம். மணல் லாரியை மறித்து ரோட்டில் படுத்தவர். நானும் அந்தப் போராட்டத்தில் இருந்தேன். கடைசி வரிசையில், அட்டெண்டன்ஸ் போய்விடுமே என்ற கவலையோடு. இப்போது ஆற்றைக் காப்பதற்கென்றே தொடங்கிய சின்னக் கட்சி ஒன்றில் இருக்கிறார். வரும் தேர்தலில் அம்பாசமுத்திரத்தில் எங்கள் வார்டுக்கு அவர்தான் வேட்பாளர். குளத்துக்கு வரும் பறவைகளை எல்லாம் பெயர் சொல்லிக் காட்டுவார். மகளின் உடுப்பை எடுத்து வரச் சொன்னால் மட்டும் அலமாரி முன்னால் நின்று முழிப்பார்.

போன வருஷம் மகளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல் விடவில்லை. மருந்தை நேரம் தவறாமல் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். எதிர்வீட்டு மதினி வந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏளா, இது தோஷம். பிள்ள பொறந்தநாளுக்குப் போட்ட துணிய பாபநாசத்துல ஆத்தோட விட்டுட்டு வா. காய்ச்ச பைய எறங்கிரும்."

"ஆத்துல துணி போடாதீங்கன்னு அவுக ஊரெல்லாம் சொல்லுதாகளே மதினி."

"அவுக ஊருக்குச் சொல்லுதாக. நீ பிள்ளையப் பாரு."

மகளை மதினியிடம் விட்டுவிட்டு, கணவரிடம் கோயிலுக்கு என்று சொல்லி பஸ் ஏறினேன். படித்துறையில் நாலு பக்கமும் பார்த்துவிட்டு மஞ்சள் கவுனை விட்டேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அவரவர் விட்ட வேட்டியும் சேலையும் ஆற்றோடு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று சாயங்காலமே காய்ச்சல் இறங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரும் கட்சிக்காரர்களும் அதே இடத்தில் ஆற்றில் கிடந்த துணிகளை அள்ளினார்கள். நான் இட்லி கொண்டு போயிருந்தேன். குவியலிலிருந்து ஒரு சின்னக் கவுனை எடுத்து செல்போன் கேமரா முன்னால் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்க அண்ணாச்சி, பச்சப்பிள்ள உடுப்பு! படிக்காதவங்களா போடுதாங்க? படிச்சவங்கதான்!"

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மஞ்சள் பித்தான் கிடைக்காமல் கழுத்தில் நான் தைத்திருந்த நீலப் பித்தான் அப்படியே இருந்தது.

அதோடு முடியவில்லை. "ஏட்டி, துவைச்சுத் தா, கூட்டத்துல காட்டலாம்" என்று வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். துவைத்து, இஸ்திரியும் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு கூட்டம் விடாமல் அந்தக் கவுன் மேடை ஏறுகிறது.

போன வாரம் தேர்தல் நோட்டீசுக்குக் குடும்பப் படம் வேண்டும் என்றார். மகளின் பிறந்தநாள் படத்தை எடுத்து வைத்திருக்கிறார். அதில் பிள்ளை மஞ்சள் கவுனில், நீலப் பித்தான் தெரிய உட்கார்ந்திருக்கிறாள்.

"வேற படம் எடுத்துக்கிடுவோமே?"

"எதுக்குட்டி? இதுலதான் நீ சிரிச்சிருக்க."

உண்மையைச் சொன்னால் அதையும் மேடையில் சொல்லிவிடுகிற மனிதர். சொல்லாவிட்டால் நோட்டீஸ் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடும். நான் எழுதுவதை அவர் படிப்பதில்லை. ஆற்றைப் பற்றி இருந்தால் மட்டும் படிப்பார். இதிலும் ஆறு வருகிறதே என்று நினைத்தால் இப்போது அதுவும் பயமாக இருக்கிறது. நோட்டீஸ் அடுத்த மாதம்தான் அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாராவது சொல்லுங்களேன், அவரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?