பதினொரு வருடத்துச் சீட்டு

நூலகத்துக்குத் தகவல் கேட்டு வருபவர்களுக்குத் தேடித் தருவதுதான் நூலகரம்மாவின் வேலை. அச்சில் காட்டாமல் எதையும் சொல்ல மாட்டார். வெளியே மழையா என்று கேட்டால்கூட நாளிதழைப் புரட்டுவார்.

அன்று மூன்று மணிக்கு ஒரு பேருந்து ஓட்டுநர் வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

"அக்கா, ஆத்துப் பாலம் திறந்த அன்னிக்குத்தான் நான் பிறந்தேன். ஆபீஸ்ல என் வயசை ரெண்டு கூட்டி எழுதி வெச்சிருக்காங்க. அஞ்சு மணிக்குள்ள அந்தத் தேதிக்கு ஆதாரம் காட்டலைன்னா, ரெண்டு வருஷம் முன்னாடியே வேலையை விட்டு அனுப்பிடுவாங்க!"

அந்த வருடத்து நாளிதழ்த் தொகுப்பு அலமாரியில் இல்லை. அதன் இடத்தில் ஒரு சீட்டுதான் இருந்தது: 'என் மேசைக்கு எடுத்துப் போகிறேன். பத்து நிமிடத்தில் வைத்துவிடுவேன்.' கையெழுத்து சாட்சாத் நூலகரம்மாவுடையது. எழுதிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது.

மேசையைக் குடைந்தார், பீரோவைக் கவிழ்க்காத குறை. ஓட்டுநர் காலில் வெந்நீர் கொட்டியதுபோல் குதித்தார். மணி நாலரை. தலை சுற்ற, நூலகரம்மா தொப்பென்று நாற்காலியில் விழுந்தார்.

"ஏங்க்கா, நிக்கும்போது என் இடுப்பு உசரம்தான் இருக்கீங்க. உட்கார்ந்தா மட்டும் எப்படி வளர்றீங்க?"

நூலகரம்மா துள்ளி எழுந்து நாற்காலி மெத்தையை விலக்கினார். அடியில் அந்தத் தொகுப்பு, அதற்குள் பாலம், தேதி, எல்லாம் பத்திரமாக இருந்தன.

நாலு ஐம்பதுக்கு ஓட்டுநர் நகலோடு பறந்தார். தொகுப்பை அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், மேசை மோவாயில் இடித்தது. நூலகரம்மா மறுபடி எழுந்தார். யாருமே பிறக்காத வருடம் ஏதாவது உண்டா என்று அலமாரியை மேலும் கீழும் பார்த்தார்.