உருண்டை பிசகாத மணிகள்

கே.கே. நகரில் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் தாமரைச்செல்வி பல வருடம் வேலை பார்த்தாள். ஊசி போட்டு ரத்தம் எடுப்பதில் அந்த வட்டாரத்தில் அவளுக்குப் பெயர் உண்டு. நரம்பே தென்படாத சதைப்பிடிப்பான கைகளும், ஊசியைக் கண்டதும் கத்தி ஊரைக் கூட்டும் பிள்ளைகளும் அவளிடம்தான் வந்து சேரும். கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பார்ப்பாள். "அந்தா பாரு, சுவத்துல பல்லி" என்பாள். பிள்ளை பல்லியைத் தேடி முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அமுக்கியிருப்பாள். "அந்த அக்கா இல்லையா? அப்ப நாளைக்கு வாரோம்" என்று வாசலோடு திரும்பிப் போகிறவர்களும் இருந்தார்கள்.

அவளுடைய வலது கைக் கட்டைவிரல் தானாக ஆடத் தொடங்கியதை முதலில் பார்த்தவன் அவள் கணவன் சிவக்குமார். டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் மடியில் கிடந்த கை மெதுவாகத் துடித்தது.

"என்ன செல்வி, கை தாளம் போடுது?" என்று கேட்டுச் சிரித்தான்.

அவளும் சிரித்தாள். வேலை அசதி என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

சில மாதங்களில் அது விரலிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. லேபில் ஒருநாள் ரத்தக் குப்பி கை நழுவி உடைந்தது. பிறகு ஒருநாள், காய்ச்சலில் துவண்டு கிடந்த ஒரு பெண் குழந்தையின் கையில் முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாவது குத்திலும் கிடைக்கவில்லை. மூன்றாவது முறை ஊசியைக் கொண்டுபோகும்போது தாய்க்காரி பிள்ளையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "ஒனக்கே கை ஆடுது, நீயெல்லாம் எதுக்கும்மா ஊசியத் தொடுற?" என்றாள். தாமரைச்செல்வி கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன்பிறகு வேலைக்குப் போகவில்லை.

பெரிய டாக்டர் அவளை நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார், விரலைத் தட்டிக் காட்டச் சொன்னார். பார்க்கின்சன் என்றார். நாற்பத்தாறு வயதுக்கு இது கொஞ்சம் சீக்கிரம்தான் என்றார். முழுசாகக் குணமாகாது, மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம் என்றார். சிவக்குமாருக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டூவீலர் உதிரி பாகங்கள் விற்கிற கடை. எந்த வண்டியில் எது போனாலும் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தே பழகியவன். அவன் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டான். "ஆப்பரேசன் பண்ணா சரியாகுமா சார்?" டாக்டர் பொறுமையாக அதே பதிலைச் சொன்னார். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது சாவி எந்தப் பையில் இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

விரல்களுக்கு வேலை கொடுக்கச் சொன்னது பிசியோதெரபி பார்க்கிற பெண். எதையாவது பிசையலாம், உருட்டலாம், கோர்க்கலாம் என்றாள். சென்னையில் வேலை பார்க்கிற மகள் திவ்யா அதைக் கேட்டதும் ஆன்லைனில் தேடி ஒரு பெட்டி பாலிமர் களிமண் அனுப்பிவைத்தாள். சோப்புக் கட்டி போல வரிசையாக வண்ண வண்ணக் கட்டிகள். பிசைந்து உருட்டி, துளை போட்டு, ஓவனில் சுட்டால் மணி. கோர்த்தால் மாலை, கம்மல், வளையல். போனில் ஏதேதோ வீடியோக்களையும் அனுப்பினாள்.

"சின்னப்புள்ள வெளையாட்டு மாதிரி இருக்கு" என்றாள் தாமரைச்செல்வி. ஆனால் அன்று சாயங்காலமே ஒரு கட்டியைப் பிரித்துவிட்டாள்.

முதலில் ஒன்றும் சரியாக வரவில்லை. பிளாஸ்டிக் தட்டில் வைத்த மணிகள் தட்டோடு ஒட்டிப் பிசுபிசுத்தன. பாத்ரூமுக்குப் போட்டதில் மிஞ்சிய ஒரு டைல்ஸைக் கழுவி எடுத்து அதன் மேல் உருட்டினாள். அது சரியாக வந்தது. வெள்ளைக் களிமண்ணில் முடியும் தூசியும் ஒட்டி அழுக்கேறியது. கை கழுவிவிட்டு வெள்ளையை முதலில் தொட வேண்டும், சிவப்பைக் கடைசியில் தொட வேண்டும் என்று கற்றுக்கொண்டாள். முன்பு கேக் சுட்டுக்கொண்டிருந்த ஓவனில் சூட்டைக் கூட்டி வைத்துவிட்டதில் முதல் ஈடு பழுப்பாகக் கருகி வீடெல்லாம் நெடி அடித்தது. பக்கத்து வீட்டு ஜானு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"செல்வியக்கா, எது எரியுது?"

"என் பாசிமணிதான். கடலை மாதிரி வறுத்துட்டேன்" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வேலையை விட்டபின் அவள் அப்படிச் சிரித்து சிவக்குமார் பார்த்ததில்லை. அன்றே அந்த ஓவனைச் சமையலறையிலிருந்து தூக்கி வராந்தாவில் வைத்து, இனி இதில் சாப்பாட்டுச் சாமான் வைக்கக் கூடாது என்று அவனே சொன்னான்.

இரண்டு நிறத்தைத் திரியாகத் திரித்து முறுக்குவாள். பிளேடால் துண்டு போடுவாள். பிளேடு ஆடுவதைப் பார்த்து அவன் கை நீட்டினால் தட்டிவிடுவாள். ஆனால் உருட்டும்போதுதான் கை காட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு மணியிலும் ஒரு பக்கம் சப்பையாக அமுங்கிவிடும். துளை போட ஊசியை நடுவில் வைத்தால் அது ஓரத்தில் போய் வெளியே வரும். எத்தனையோ பேருடைய நரம்பைத் தேடிக் கண்டுபிடித்த கைக்கு ஒரு களிமண் உருண்டையின் நடு கிடைக்கவில்லை. ஒருநாள் காலையில் உருட்டிய மணிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பிசைந்து சுவரோரம் எறிந்தாள்.

"இனி என் கையில ஒண்ணு உருண்டையா வராதுங்க. விடுங்க."

பிறகு அவளே எழுந்துபோய் அதை எடுத்து, மறுபடி உருட்டி, துளையும் போட்டு, டைல்ஸில் வைத்துத் தட்டால் மூடிவிட்டு, மத்தியானம் டாக்டர் புதிதாக எழுதிக் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கினாள்.

சாப்பிட வந்த சிவக்குமார் தட்டைத் தூக்கிப் பார்த்தான். கோணல் கோணலாகக் கிடந்தன. அவனுக்கு மனசு கேட்கவில்லை. நகக்கண்ணில் இருந்த கிரீஸைத் துணி சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு ஒரே ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினான். அழகாகத் திரண்டது. திரும்ப வைத்தபோது பக்கத்தில் இருந்தது இன்னும் கோணலாகத் தெரிந்தது. அதையும் எடுத்தான். கடைசியில் எல்லாவற்றையும் உருட்டி, நடுவில் துளை போட்டு, இருந்த இடத்திலேயே வைத்து மூடிவிட்டுக் கடைக்குப் போனான்.

சாயங்காலம் போன் வந்தது. கடையில் ஒருவர் பிரேக் கேபிள் கேட்டு நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, ஒண்ணு சொல்லவா?" தாமரைச்செல்வியின் குரல் இளகியிருந்தது. "கை நிக்குதுங்க. காலையில உருட்டுன பாசியப் பாத்தேன். நல்லா உருண்டையா வந்திருக்கு. அப்பக் கோவத்துல கவனிக்கல. புது மாத்திர கேக்குது போல."

சிவக்குமார் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்பதுதான் அவனுக்குத் தோன்றியது.

"அப்படியா" என்றான். "நல்லதுதான்."

அதன்பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் மணிகள் மறுபடி கோணலாகும். கை கெட்டுப்போனது என்று நினைப்பாள். மத்தியானம் கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடி வந்தான். அவள் கண் அயர்ந்ததும் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். விழித்திருக்கும்போது அவள் உருட்டுவது கோணலாகத்தானே இருக்கும், கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்தான். ஆனால் அவளோ, "களிமண்ணு சூட்டுக்குத் தானா செட்டாகிக்கிருது போல" என்று தனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். நம்ப விரும்பியவளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஜானு ஒரு நீல மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் காட்டினாள். திவ்யா சென்னையிலிருந்து பேசினாள்.

"அப்பா, அம்மாவுக்கு நெசமாவே நல்லாருக்கா?"

"ம்" என்றான். மறுமுனையில் மகள் அழுவது கேட்டது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று தெரிந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டான்.

ஒருநாள் காலை தாமரைச்செல்வி கஞ்சி போட்ட காட்டன் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "லேப் வரைக்கும் கொண்டுபோய் விடுங்க. பாண்டியராஜன் சாரப் பாத்துட்டு வாரேன். திரும்ப வேலைக்கு வரட்டான்னு கேக்கணும்."

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே செல்வி."

"எதுக்கு? கை நிக்கும்போதே போயிறணும்."

லேப் வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"செல்வி..."

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. பாத்து எறங்கு."

லேப் முதலாளி பாண்டியராஜன் எழுந்து வந்து வரவேற்றார். அவள் ஒரு டப்பாவைத் திறந்து மணிகளைக் காட்டினாள். அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் சிவக்குமாரைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். அவளிடம் தொழில் கற்ற செல்லக்கிளி உள்ளேயிருந்து ஓடி வந்து, "அக்கா, எங்கிட்டயே எடுத்துப் பாருங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

ரப்பர் பட்டையைக் கட்டுவதற்கே நேரம் பிடித்தது. பஞ்சால் துடைத்தாள். ஊசியைக் கொண்டுபோனாள். தோலுக்கு மேலே ஊசி முனை நின்ற இடத்தில் நிற்காமல் நடுங்கியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் நிற்கவில்லை. ஒரு குத்து நரம்பை விட்டு விலகிப் போனது.

"பரவாயில்லக்கா, இன்னொருக்கா" என்றாள் செல்லக்கிளி. சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

தாமரைச்செல்வி ஊசியைத் தானே கழிவு டப்பாவில் போட்டாள். "நல்லா அமுக்கிப் பிடி, இல்லேன்னா கன்னிப்போகும்" என்று பஞ்சை அவள் கையில் வைத்தாள். ரிசப்ஷனில் வேண்டுமானால் உட்காரலாமே என்று பாண்டியராஜன் ஏதோ சொன்னார். "பாக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் டைல்ஸை எடுத்து வைத்து, ஒரு துண்டு களிமண்ணைக் கிள்ளி, அவன் முன்னால் உருட்டினாள். சப்பையாக வந்தது. டப்பாவிலிருந்து ஒரு மணியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்களா உருட்டுனீங்க?"

அவன் தலையசைத்தான்.

"எல்லாத்தையுமா?"

"நீ வருத்தப்படுறதப் பாக்க முடியல செல்வி."

"அதுக்காக?" அவள் கத்தவில்லை. "கை ஆடுறதக்கூட நான் தாங்கிக்கிட்டேங்க. நல்லாயிருச்சுன்னு நெனச்சேன் பாருங்க, அதத்தான் தாங்க முடியல. அந்தப் புள்ள செல்லக்கிளி கையில குத்திட்டு வந்திருக்கேன். திவ்யாகிட்ட இப்ப என்னன்னு சொல்லுவேன்?"

மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயெடுத்தான். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். திவ்யாவிடம் அவனேதான் சொன்னான்.

களிமண் டைல்ஸோடு அப்படியே கிடந்து தூசி பிடித்தது. தாமரைச்செல்விக்கு ஜாக்கெட் கொக்கி மாட்டவும் கை ஒத்துழைக்காமல் போனது. தினமும் காலையில் முதுகைக் காட்டி நிற்பாள், அவன் மாட்டிவிடுவான். யாரோ சொன்னார்கள் என்று ஒரு தைலம் வாங்கி வந்தான். வேறு யாரோ சொன்னார்கள் என்று திருமங்கலம் பக்கம் ஒரு வைத்தியரைப் பார்க்கலாமா என்று கேட்டான். "ஒங்களுக்கு ஆறுதலா இருக்கும்னா போவோம்" என்றாள். போகவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளாகவே டைல்ஸைக் கழுவி எடுத்து வந்து மேசையில் வைத்தாள். உஷ்ணத்தில் களிமண் வெண்ணெய் போல் இளகியிருந்தது. அவன் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"உக்காருங்க, ஆனா தொடக் கூடாது."

உருட்டினாள். ஒவ்வொன்றும் ஒரு தினுசாக வந்தது. துளை போடும்போது ஊசி விரலில் ஏறி ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. அவன் பாதி எழுந்துவிட்டான்.

"உக்காருங்கன்னேன்ல."

உட்கார்ந்தான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அவள் விரலைச் சப்பிவிட்டு அடுத்த மணியை எடுத்தாள். மேசையிலிருந்து ஒன்று உருண்டு தரையில் விழுந்து கதவு வரை போனது. அவள் சொல்லும்வரை அவன் எடுக்கப் போகவில்லை.

தட்டை ஓவனில் வைக்க மட்டும் அவனைக் கூப்பிட்டாள். வைத்துத் திருகிவிட்டு இருவரும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மின்விசிறி நின்றது. ஓவன் விளக்கும் அணைந்தது. சிவக்குமார் மின்வாரிய ஆபீசுக்குப் போன் போட்டான், யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டான். ஓவன் கதவைத் திறந்து பார்க்கப் போனான்.

"திறக்காதீங்க, இருக்குற சூடும் போயிரும்" என்றாள் தாமரைச்செல்வி. சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். அவளுடைய வலது கை மடியில் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பிடிக்கலாமா என்று யோசித்தான். பிடித்தால் நின்றுவிடுமா என்ன? ஆனாலும் பிடித்தான். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. அவன் கைக்குள்ளும் அது ஆடிக்கொண்டேதான் இருந்தது.